சந்தபுரிக்குக் குடிபோவதா?



வெளிநாடு போகலாமா என்று மஷூரா கேட்டு நம்மிடம் வருவோர் பலர். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒப்பந்தக் காலம் முடிந்து ஆலையை விட்டு வெளியேறிய இளைஞர்கள், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து கத்தார், ரியாத், மலேசியா என்று பேச்செடுப்பார்கள். கடன் வாங்கிப் போகாதே, ஏஜெண்டிடம் கடவுச்சீட்டை ஒப்படைக்காதே, தாயின் மனம் நோகப் போகாதே என்று அவர்களுக்குச் சொல்வதற்கு நம்மிடம் நிறைய உண்டு. இந்த ஆண்டு ஷவ்வாலில் அதே கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அழைப்பு வளைகுடாவிலிருந்து வரவில்லை. தாய்லாந்தின் கிழக்குக் கோடியில், கம்போடிய எல்லைக்கு அருகிலுள்ள சந்தபுரி என்ற சிறு நகரத்திலிருந்து வந்தது.

அழைத்தவர் அரபிக் கல்லூரியில் நம்முடன் ஓதியவர். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர்க்காரர். ஓதி முடித்தபின் தம் மாமனாரின் இரத்தினக்கல் வணிகத்தில் இறங்கிவிட்டார். அங்கே தமிழ் பேசும் கல் வணிகர்கள் சிலர் குடும்பத்தோடு இருக்கிறார்களாம். பிள்ளைகள் 22 பேர். பள்ளிக்கூடத்தில் தாய் மொழி, வீட்டில் தமிழ், கைபேசியில் ஆங்கிலம், குர்ஆனோ அரைகுறை. “ஹஜ்ரத், நீங்கள் வந்தால் போதும். மாடியைக் காலி செய்து வைத்திருக்கிறோம். ராத்தாவையும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்” என்றார். மாதம் 30,000 பாத் தருவார்களாம். நம் ஊர்க் கணக்கில் முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டி வரும். நாம் இங்கே மக்தபில் வாங்குவது 15,000 ரூபாய். வீட்டு வாடகையில் மட்டும் 6,500 போய்விடும். சிப்காட் வந்தபின் இந்தப் பக்கத்தில் ஓர் ஓட்டுவீடுகூட மலிவாகக் கிடைப்பதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

“நாம்” என்று எழுதுவது ஏட்டு வழக்குக்காக மட்டுமன்று. நாமும் நம் இல்லத்தாரும், பதினோராம் வகுப்பு படிக்கும் மகளும், எட்டு வயது மகனும், முழங்கால் வலியோடு நாற்காலியில் தொழும் நம் தாயாரும் சேர்ந்துதான் இந்த நாம். முடிவும் அத்தனை பேருக்கும் உரியது.

சந்தபுரியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். பாங்காக்கிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவு. ஊர்ப்பெயரே நம் காதுக்கு அந்நியமில்லை. சந்திரபுரி என்பதன் திரிபுதான். டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் விளையும் தோட்டப் பூமி. உலகத்து மாணிக்கமும் நீலக்கல்லும் அங்கே வந்துதான் சூடேற்றி நிறம் கூட்டப்பட்டு மறுபடி விலைக்குப் போகின்றன. சுற்றுவட்டாரச் சுரங்கங்கள் வற்றிப் பல காலமாயிற்று. இப்போது கல் வருவது மடகாஸ்கர், மொசாம்பிக், இலங்கை முதலிய இடங்களிலிருந்து. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சந்தை. நம் ஊரில் விற்பவர் கடை விரித்து உட்கார்வார், வாங்குபவர் நடப்பார் அல்லவா? அங்கே தலைகீழ். வாங்குபவர் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்துகொள்கிறார். தரகர்கள் மடித்த காகிதத்தில் கல்லை வைத்துக்கொண்டு மேசை மேசையாக வருகிறார்கள். இலங்கை முஸ்லிம்களும் ஆப்பிரிக்க முஸ்லிம்களும் அந்த மேசைகளில் உண்டு. பாங்காக்கின் சீலோம் பகுதியில் நம் தமிழ் முஸ்லிம்கள் தொழும் மீராசுத்தீன் பள்ளிவாசல் இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்தபுரியோ அத்தகைய பெருநகரமில்லை. சந்தை கலைந்தால் ஊர் அடங்கிவிடும் என்றார் நண்பர். நமக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இரவு பகலாக ஷிப்ட் பேருந்துகள் ஓடும் சாலையோரத்தில் வாழ்கிறவர்கள் அமைதிக்கு ஏங்குவது இயல்புதானே.

முதல் வாரத்தில் இஸ்திகாரா தொழுதோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்திகாரா செய்தால் கனவு வரும், பச்சை தெரிந்தால் போகலாம், சிவப்பு தெரிந்தால் நிற்கலாம் என்று நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நாம் ஓதிய நூல்களில் ஆதாரமில்லை. நன்மையை இலகுவாக்கு, தீமையைத் திருப்பிவிடு என்று ரப்பிடம் ஒப்படைப்பதே அதன் சாரம். ஒப்படைத்தபின் விசாரிக்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், அறிந்தவரிடம் மஷூரா கேட்க வேண்டும். நம் தாயாருக்கு மட்டும் ஒரு கனவு வந்தது. அதில் நாம் எல்லோரும் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோமாம். அதற்கு விளக்கம் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

ஃபிக்ஹு ஆசிரியர் என்பதால் வேறொரு நினைவும் ஓடிற்று. ஹனஃபி நூல்களில் வதன், அதாவது இருப்பிடம், மூன்று வகை. பிறந்த ஊர், மனைவி மக்களோடு நிலைகொண்ட ஊர், இனிப் பெயர்வதில்லை என்று குடியேறிய ஊர் ஆகியவை வதன் அஸ்லி. 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத்தோடு இறங்கும் இடம் வதன் இகாமத். அதற்கும் குறைந்த தங்கல் மூன்றாம் வகை. 15 நாள் நிய்யத் இருந்தால் முகீம். தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே முகீம். இன்று போவோம், நாளை போவோம் என்று நிய்யத் நிலைக்காமலே மாதக்கணக்கில் இருந்துவிட்டவர் கஸ்ராகவே தொழலாம் என்பதற்கு, அஜர்பைஜானில் பனி வழிமறித்து ஆறு மாதம் தங்க நேர்ந்த இப்னு உமர் (ரலி) அவர்களின் செயலைச் சான்றாகக் காட்டுவார்கள். பாடம் நடத்தும்போது மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தப் பகுதி, சொந்த வீட்டில் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது வேறு விதமாகத் தெரிகிறது. நண்பர் கேட்பது எந்த வதன்? ஓராண்டா, பத்தாண்டா, மகளை அங்கேயே மணமுடித்துக் கொடுக்கும் அளவுக்கா? அவரிடம் கேட்டோம். “முதலில் வாருங்கள், பிறகு பார்ப்போம்” என்றார். பனியில் சிக்கியவருக்குரிய சலுகையைப் பெட்டி கட்டிப் புறப்படுபவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று நம் இல்லத்தார் கேட்டார்கள். நல்ல கேள்விதான்.

அடுத்தது காகிதம். இந்த இடத்தில்தான் நாம் அதிக நேரம் நின்றோம். 2023 நவம்பரில் தாய்லாந்து அரசு இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா விலக்கு தந்ததிலிருந்து, டிக்கெட் எடுத்தால் போய் இறங்கிவிடலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருபவருக்கு. வேலை செய்வதற்குத் தனி விசாவும் வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும். ஒரு நிறுவனம் ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் பொதுவாக 20 லட்சம் பாத் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் காட்ட வேண்டும். நீண்ட காலம் தங்குபவர் 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க இயலாது. இவையெல்லாம் அந்நாட்டின் உரிமை. குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

நம் விஷயத்தில் சிக்கல் வேறு. பிள்ளைகள் ஓதப்போவது பதிவு பெற்ற மத்ரஸாவில் அன்று. ஒரு வணிகரின் வீட்டு மாடியில். மாடி யாருக்கும் விசா எழுதித் தராது. ஆகவே நண்பர் இரண்டு வழி சொன்னார். சுற்றுலாப் பயணியாக நுழைந்து, நாள் முடியுமுன் எல்லையைத் தாண்டித் திரும்ப நுழைந்து காலத்தை ஓட்டுவது ஒன்று. வணிகரின் நிறுவனத்தில் கல் சம்பந்தமான ஏதாவதொரு பெயரில் பதிவு செய்துகொண்டு, உண்மையில் ஓதிக்கொடுப்பது மற்றொன்று. “எல்லோரும் செய்வதுதான் ஹஜ்ரத்” என்றார். இரத்தினக்கல் பட்டை தீட்டும் தொழில், அங்கே வெளிநாட்டவர்க்கு விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் பல காலமாக இருக்கிறது. அதாவது நமக்கு ஒரு சல்லிக்கல்லுக்கும் சபைர் கல்லுக்கும் வேறுபாடு தெரியாதது ஒருபுறமிருக்க, தெரிந்திருந்தாலும் அந்த வேலையைச் செய்யக் கூடாது!

ஒரு நாட்டின் விசாவோடு நுழைவது அந்நாட்டோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை என்றும், அதன் நிபந்தனைகளைப் பேணுவது முஸ்லிமின் கடமை என்றும் நம் காலத்து ஃபகீஹ்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். திண்ணையில் இளைஞர்களுக்கு நாமும் இதையே சொல்லி வருகிறோம். பொய்ப் பெயரில் பதிந்த ஒரு சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு 22 பிள்ளைகளுக்கு அமானிதம் பற்றிய பாடத்தை நடத்துவது எப்படி? பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும், அது நமக்கு. பிள்ளைகளுக்கோ, தம் உஸ்தாது போலீஸ் வாகனத்தில் ஏறிய காட்சி.

இதை எழுதும்போது, சட்டப் பேச்சு பேசிச் சோம்பலை மறைக்கிறார் என்று சிலர் நினைக்கக்கூடும். நம் இல்லத்தாரே ஓர் இரவு அப்படித்தான் கேட்டார்கள். “காகிதம் சரியாக இருந்தால் போவீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார்கள். ஆகவே காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தோம்.

உணவு பெரிய தடையில்லை. தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் குழுவின் ஹலால் முத்திரை அந்நாட்டுக் கடைகளில் பரவலாகப் புழங்குகிறது. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலால் அறிவியலுக்கென்றே ஒரு மையம் உண்டு. பிறை, நோன்பு, பெருநாள் அறிவிப்புக்கு அரசு ஏற்ற ஷெய்குல் இஸ்லாம் இருக்கிறார். அப்பதவியை அவர்கள் சூலாராட்சமொந்திரி என்கிறார்கள். இங்கே தலைமை காஜியின் அறிவிப்புக்குக் காத்திருக்கும் நமக்கு அது புதிதன்று. நண்பர் வீட்டார் ஷாஃபிஈ, நாம் ஹனஃபி. பிள்ளைகளுக்கு அவர்களுடைய மத்ஹபின்படியே பஜ்ரில் குனூத்தும் வுளூவின் சட்டங்களும் கற்பிக்க வேண்டும் என்பதற்காக, பழைய ஷாஃபிஈ பாடநூலைத் தூசு தட்டி எடுத்துப் படிக்கவும் தொடங்கினோம். அந்தச் சில நாட்கள் இனிமையாக இருந்தன.

மொழிதான் நெருடிற்று. அந்நாட்டில் இந்தியரையும் அரபியரையும் மலாய்க்காரரையும் ஒரே சொல்லால் குறிப்பார்களாம். ‘கேக்’ என்பதற்கு நெருங்கிய ஒலி. நாம் தின்னும் கேக் அன்று. விருந்தாளி என்பது அதன் நேர்ப்பொருள். கேட்கும்போது எத்தனை அழகு! விருந்தாளி என்றால் இலையில் முதலில் பரிமாறப்படுபவர். ஆனால் மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவரையும் அப்படியே அழைத்தால் அதன் பொருள் மாறிவிடுகிறது. விருந்தாளி எப்போது கிளம்புவார் என்ற எண்ணம் அதில் வந்து சேர்ந்துவிடுகிறது. இதை வசையாகச் சொல்வோரும் உண்டு, வெறும் வழக்காகச் சொல்வோரும் உண்டு, எது எதுவென்று குரலை வைத்துத்தான் அறிய வேண்டும் என்றார் நண்பர். குரலை அறிவதற்கு அந்த மொழியில் எத்தனை ஆண்டு வாழ வேண்டுமோ!

அவர் அதைச் சொன்ன வெள்ளிக்கிழமை, நம் பள்ளிவாசலில் கடைசி மூன்று வரிசைகளைப் பார்த்தோம். அஸ்ஸாம், வங்காளம், பீகார், ஜார்க்கண்ட் சகோதரர்கள். ஜும்ஆ இடைவேளையில் ஆலைச் சீருடையோடு ஓடிவருவார்கள். அரபுக் குத்பாவுக்கு முன் முப்பது நிமிடம் தமிழில் பயான். அவர்கள் தலைகுனிந்து அமர்ந்திருப்பார்கள். ஒரு சொல்லும் விளங்குவதில்லை. தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஊரில் அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: ‘வடக்கன்’, ‘இந்திக்காரன்’. அஸ்ஸாமிக்கு இந்தி தாய்மொழியில்லை என்பதைக் கேட்டவர் யார்? பத்துப் பேர் ஓர் அறையில்; தலைக்கு இவ்வளவு என்று வாடகை; ஆதார் நகல் காவல் நிலையத்துக்கு. மூன்றாண்டாக நம் மக்தபுக்கு எதிரில் குடியிருக்கும் ஓர் இளைஞரிடம் அன்று தகப்பனார் பெயரைக் கேட்டோம். சொன்னார். பிறகு, இந்த ஊரில் ஆதாருக்காக அல்லாமல் ஒருவர் அதைக் கேட்பது இதுவே முதல் முறை என்று உருதுவும் இந்தியும் கலந்த மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த வட்டாரம் அந்நியரைக் காணாத வட்டாரமன்று. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து கொரியர்களைப் பார்க்கிறோம். அவர்கள் எழுத்தில் பலகை வைத்த உணவகங்களைப் பார்க்கிறோம். 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர் என்று வரிசையாக வந்தன. 2006இல் நோக்கியா வந்ததும் 2014இல் மூடியதும் கண்முன் நடந்தவை. 2024இல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட அதிகம். அத்தனை பேரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வந்தவரில் கொரிய மேலாளரை ‘சார்’ என்கிறோம், அஸ்ஸாம் தொழிலாளியை ‘டேய்’ என்கிறோம். சந்தபுரியில் நாம் எந்த வரிசையில் நிற்போம் என்பதற்கு விடை தேட விமானம் ஏற வேண்டியதில்லை என்று தோன்றிற்று. மாணிக்கம் வாங்க வந்தவர் ஒரு வரிசை. மாடியில் ஓதிக்கொடுக்க வந்தவர் இன்னொரு வரிசை.

ஆனாலும் அந்நியராக வாழ்வதே தவறு என்று நாம் நினைக்கவில்லை. உலகில் வழிப்போக்கரைப் போல் இருக்கும்படி கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். சந்தபுரியின் ஆற்றங்கரையில் வியட்நாமிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் 18ஆம் நூற்றாண்டு முதல் வாழ்கிறார்கள். பெரிய தேவாலயமே கட்டியிருக்கிறார்கள். 1893 முதல் 1905 வரை பிரெஞ்சுப் படை அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தது. படை போய்விட்டது, குடிகள் இருக்கிறார்கள். நம்மவரிலும் சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கும் நகரத்திலிருந்து ஷெய்கு அஹ்மத் என்ற வணிகர் அயுத்தயாவுக்கு வந்தார். மேலே சொன்ன ஷெய்குல் இஸ்லாம் பதவி அவரிலிருந்துதான் தொடங்குகிறது. அரசவையில் பெரும் பதவிகள் பெற்றார். சியாமின் மிகச் செல்வாக்கான புன்னாக் குடும்பம் அவர் வழித்தோன்றலே. அந்த வழியில் ஒரு கிளை தீனில் நிலைத்து நின்று அப்பதவியைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது. மற்றொரு கிளை சில தலைமுறைகளுக்குள் பௌத்தத்துக்குப் போய்விட்டது. ஒரே தகப்பனின் இரு கிளைகள். அந்த இரவு இதைச் சொல்லி முடித்ததும் நம் இல்லத்தார் தூங்கிக்கொண்டிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம். ஆனால் அந்த 22 பிள்ளைகளும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. போகாமலிருப்பதற்குச் சொல்லும் காரணமே போவதற்கும் காரணமாகிறது.

மகளின் கருத்தைக் கேட்டோம். “அங்கே நான் எந்த மொழியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவேன்?” என்ற ஒற்றைக் கேள்வியோடு முடித்துவிட்டாள். தாயாரோ, “என்னைப் பற்றி யோசிக்காதீர்கள்” என்றார்கள். எல்லாத் தாயாரும் சொல்வது. நாம் போய்விட்டால் இங்கே மாலை மக்தபில் வரும் 63 பிள்ளைகளின் கதி என்ன என்று நாம் எழுப்பிய கவலைக்கு மட்டும் இல்லத்தார் இரங்கவில்லை. “நீங்கள் வருவதற்கு முன்னும் இந்த ஊரில் ஓதினார்கள்” என்றார்கள். அதற்கு மறுமொழி இல்லை.

கடைசியில் நண்பருக்கு எழுதி அனுப்பியது இது. சுற்றுலாப் பயணியாகவோ கல் வணிக ஊழியராகவோ வர மாட்டோம். பதிவு பெற்ற ஒரு பள்ளிவாசலோ மத்ரஸாவோ, ஓதிக்கொடுப்பவர் என்ற உண்மைப் பெயரில் விசாவுக்கு முன்வந்தால் வருவோம். அதுவும் மகளின் பொதுத்தேர்வு முடிந்தபின்; ஓராண்டு என்று வரையறுத்து; தாயாரோடு அனைவருமாக. தனியாக நாம் மட்டும் வந்து பணம் அனுப்பும் ஏற்பாடு வேண்டாம். வளைகுடாத் தகப்பன்மாரின் பிள்ளைகளை மக்தபில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

மூன்று நாள் பதிலில்லை. மனம் நொந்துவிட்டாரோ என்று கவலைப்பட்டோம். நான்காம் நாள் பேசினார். பாங்காக்கில் உள்ள ஒரு பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம். மாதங்கள் ஆகும், நடக்கும் நடக்காது என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டாமே என்று இருவருமாக ஓர் ஏற்பாடு செய்தோம். நம் நேரத்தைவிட அவர்களுடைய நேரம் ஒன்றரை மணி முந்தியது. அங்கே மாலை ஆறு மணி, இங்கே நாலரை. நம் மக்தப் ஐந்தரைக்குத்தான். இடைப்பட்ட நேரத்தில் கைபேசிக் காணொளி வழியே ஓதிக்கொடுக்கிறோம். 22 பேரில் இப்போது வருவது 11 பேர். சந்தை நாளான வெள்ளிக்கிழமை இன்னும் குறைவு. ‘ளாத்’ எழுத்துக்கு நாக்கை எங்கே வைப்பது என்பதைக் கண்ணாடித் திரையில் காட்டுவது பெரும்பாடு.

பயான் பற்றியும் ஜமாஅத்தில் பேசினோம். முப்பது நிமிடத்தில் கடைசி எட்டு நிமிடத்தை உருதுவில் சொல்ல அனுமதி கிடைத்தது. ‘தமிழ்நாட்டில் தமிழ் போதாதா’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

நம் கடவுச்சீட்டு 2031 வரை செல்லும். இல்லத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் இதுவரை எடுத்ததில்லை. தாயாரின் பிறப்புச் சான்று கிடைக்காததால் அதற்கு மாற்றாக எந்தக் காகிதத்தை வைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் நான்கு பேருக்கும் விண்ணப்பிக்க எண்ணம்.